எர்மினியோவின் ப்ராஸ்டேட்டும் என் வயித்தெரிச்சலும்

நான் பொறாமை புடிச்சவதான். இதை வேற யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒவியெதோ பஸ் ஸ்டாண்டுல போய் சுனில்டான்னு பேரைச் சொல்லிப் பாருங்க. "யாரு, புருஷன் சட்டைய மோந்து பாக்குற பொம்பளையா?"ன்னு கேப்பாங்க. ஆமா, மோந்துதான் பாத்தேன். முப்பத்தெட்டு வருஷமா மோந்து பாத்தேன். டீசல் வாசனையும் வேர்வை வாசனையும் தவிர ஒரு நாளும் வேற எதுவும் வந்ததில்ல. அதுக்காக விட்டுட முடியுமா? நாளைக்கு வரலாமில்ல?

எங்க வீட்டுக்காரர் எர்மினியோ ஒவேலார் பஸ் டிரைவர். தலைநகரம் அசுன்சியோன்ல எடுத்தா பிரேசில் எல்லைப் பாலம் வரைக்கும் போய்த் திரும்புற வண்டி. நான் அதே வண்டியில சிப்பா வித்தவ. சீஸும் மரவள்ளி மாவும் பிசைஞ்சு அடுப்புல சுட்ட ரொட்டி வளையத்தைக் கூடையில அடுக்கி, தலையில வெச்சுக்கிட்டு ஒவியெதோ முக்குல ஏறுவேன். ஏறினதும் டிரைவருக்கு சூடா ஒரு சிப்பா ஓசியில குடுக்கணும், அது எங்க தொழில் வழக்கம். கூடவே ஒரு சிரிப்பும் குடுக்கணும். நான் குடுத்த சிரிப்பு கொஞ்சம் நீளமாப் போச்சு, நாலாவது மாசம் என்னைக் கட்டிக்கிட்டாரு. அப்புறம் எனக்கு எங்கேருந்து நிம்மதி வரும் சொல்லுங்க? நான் இறங்கின படியில அடுத்தவ ஏறுவாளா இல்லையா? எந்தக் கூடைக்காரி எப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாதா?

அவரு அப்படிப்பட்ட ஆளான்னு கேட்டா, உண்மையச் சொல்லணும், இல்ல. ஒம்பது வயசுல அப்பா அம்மா இல்லாமப் போயி, கரும்பு வண்டி மாட்டுக்குப் பின்னாடியே வளர்ந்தவரு. பட்டாளத்துல வண்டி ஓட்டக் கத்துக்கிட்டாரு. சேந்தாப்புல நாலு வார்த்தை பேச மாட்டாரு. ஆனா எல்லாத்துக்கும் அவருகிட்ட ஒரு சீட்டு இருக்கும், முத்திரையோட. லேட்டா வந்தா டெப்போ சீட்டு, டயர் வெடிச்சா மெக்கானிக் சீட்டு, காய்ச்சல்னா டாக்டர் சீட்டு. கம்பெனியில எந்தக் கேள்வி கேட்டாலும் பாக்கெட்டுலேருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டிட்டு நிப்பாரு. நானும் அந்தப் பாக்கெட்டை எல்லாம் தினம் துழாவித்தான் வந்தேன்.

ஒரு தடவ விவசாயிங்க ரோட்டுல மரத்தைப் போட்டு மறிச்சுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு ஊரே கதவைச் சாத்திட்டுத் தூங்குற நேரம். நாங்களும் படுத்தோம். புருஷன் பொஞ்சாதி விஷயம், எல்லாத்தையும் விளக்க முடியாது. முடிஞ்சப்புறம் பாத்தா, இருக்க வேண்டிய அளவுக்கு இல்லன்னு எனக்குத் தோணிச்சு. எந்திரிச்சு உக்காந்தேன். "எங்கய்யா கொட்டிட்டு வந்தே?"ன்னு கேட்டேன். மனுஷன் முழிச்சாரு. அவரு பையைத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன். ஒம்பது நாள் டெப்போவுல, வண்டியிலேயே படுத்துக் கெடந்தாரு. கடைசியில சங்கத்துச் செயலாளர் வந்து, அந்த ரெண்டு நாளும் நாப்பத்தி ரெண்டு பயணிகளோட வண்டி ரோட்டுலதான் நின்னுச்சு, அதுல ரெண்டு கன்னியாஸ்திரீங்க முன் சீட்டுலயே இருந்தாங்கன்னு சத்தியம் பண்ணாரு. அதுக்கப்புறம்தான் உள்ள விட்டேன். மன்னிப்புக் கேட்டேனான்னு கேக்காதீங்க, கேக்கல.

அறுபத்தி நாலு வயசுல வேலையிலேருந்து நின்னு வீட்டோட வந்துட்டாரு. அப்பாடா, இனிமே கண்ணு முன்னாடி இருப்பாருன்னு நெனச்சேன். நெனப்புல மண்ணு விழுந்துச்சு.

எங்க ஊர்ல காலையில டீ மாதிரி சூடா மாத்தே, பத்து மணிக்கு மேல அதே தூளைக் குளுந்த தண்ணியில போட்டு தெரெரே. ரெண்டுலயும் பச்சிலை இடிச்சுப் போடாம யாரும் குடிக்க மாட்டாங்க. தலைவலிக்கு ஒரு இலை, வயித்துக்கு ஒரு இலை. சந்தையில பச்சிலைக்காரிகிட்ட போயி என்ன கோளாறுன்னு சொன்னா, அவ உரல்ல போட்டு இடிச்சுக் குடுப்பா. எங்க வீட்டுல அது எப்பவும் என் வேலை. திடீர்னு ஒரு நாள் எர்மினியோ, "நீ ஏன் அலையுற, நான் போறேன்"னாரு. சரி, காலாறட்டும்னு விட்டேன். பாத்தா, போறவரு அரை மணி நேரமா வரக் காணோம். ரெண்டு வருஷம் இதே கதை. ஒரு நாள் பின்னாடியே போனேன்.

பச்சிலைக்காரி தியோனிலாவை எனக்குத் தெரியும். அம்பத்தேழு வயசு, விதவை. பின்னல்ல செம்பருத்தி ஒண்ணு செருகியிருப்பா. அவ உலக்கை போடுறப்போ பாக்குறவங்க இலையைப் பாக்க மாட்டாங்க. எங்க ஆளு அவ கடைக்குப் பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏதோ முணுமுணுன்னு சொல்றாரு. என்கிட்ட சேந்தாப்புல நாலு வார்த்தை பேசாதவரு! அவ தலையை ஆட்டி ஆட்டிக் கேக்குறா. நான் கிட்டப் போனதும் ரெண்டு பேரும் வாயை மூடிட்டாங்க.

"வாங்க சுனில்டாக்கா! எர்மினியோ அண்ணனுக்குத்தான் இடிச்சுக்கிட்டிருக்கேன்"னா.

அண்ணன்னு கூப்பிட்டுட்டா அண்ணனாயிடுவாரா? எனக்கு வயிறு திகுதிகுன்னு எரிஞ்சுச்சு.

அதோட விட்டுச்சா? வீட்டுல பாத்ரூமுக்குப் போனா இருபது நிமிஷம். கதவைத் தாழ் போட்டுட்டு குழாயைத் திறந்து விட்டுருவாரு. தண்ணி ஓடுற சத்தம். எதுக்குக் குழாயைத் திறக்கணும்? பேசுற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னுதானே! கதவுல காதை வெச்சு வெச்சு எனக்குக் காதே மரத்துப் போச்சு. வெளிய வந்ததும் அவரு போனை எடுத்துப் பாப்பேன். ஒண்ணும் இருக்காது. அழிக்கத் தெரிஞ்சுக்கிட்டாருடி, கெட்டிக்காரன் ஆயிட்டாருன்னு நெனச்சேன்.

ஜூன் மாசம், சான் ஜுவான் திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, குழாய் ஒரு மணி நேரமா ஓடிச்சு. கதவைத் தட்டினேன். "யாருகிட்டய்யா இவ்வளவு பேச்சு?"ன்னு கத்தினேன். கதவு திறந்துச்சு. மனுஷன் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, மூஞ்சியெல்லாம் வேர்த்து, அடிவயிறு பூசணிக்காய் மாதிரி உப்பி.

"சுனி, வர மாட்டேங்குது"ன்னாரு.

"என்ன வர மாட்டேங்குது?"

"ஒண்ணுக்கு."

பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூப் போட்டாங்க. ஒரு லிட்டருக்கு மேல இறங்குச்சு. அவரு அழுதாரு, வலி விட்ட சந்தோஷத்துல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, குழாய்த் தண்ணி சத்தம் கேட்டாலாவது தனக்கு வருமான்னுதான் இத்தனை நாளா திறந்து விட்டிருக்காரு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் வேவு பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்.

டாக்டர் ஃப்ரெத்தெஸ் வந்தாரு. சின்ன வயசு, நல்ல மனுஷன்.

"எவ்வளவு நாளா இந்தத் தொந்தரவு, ஐயா?"

"ஒரு மாசமா"ன்னாரு எர்மினியோ, போர்வையைப் பாத்துக்கிட்டே.

அந்த நேரம் பாத்து தியோனிலா ஃபிளாஸ்கும் கையுமா உள்ள வந்தா. யாரு சொன்னாங்களோ, சந்தையில எந்தச் செய்தி நிக்கும்? "ரெண்டு வருஷம் டாக்டர்"னா. "நீங்க சும்மா இருங்கண்ணே, டாக்டர்கிட்டயும் மறைச்சா எப்படி? ரெண்டு வருஷமா சொட்டுச் சொட்டாத்தான் போகுது இவருக்கு. நான்தான் நீர் பிரியுறதுக்கு இலை குடுத்துக்கிட்டிருந்தேன்."

ரெண்டு வருஷம்! என் புருஷனுக்கு ஒண்ணுக்கு எப்படிப் போகுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. ஒரு சட்டையில செண்ட் வாசனை வந்திருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது. அவ இவர்கூடப் படுத்திருந்தா ஒரு கை பாத்திருப்பேன். இதுக்கு என்ன பண்றது? யாருகிட்டப் போய்ச் சொல்றது?

டாக்டர் அவளைப் புடிச்சு ஒரு வாங்கு வாங்கினாரு. "நீர் பிரிய இலையா? ஏம்மா, வாசல் அடைச்சுக் கெடக்கு, நீங்க தொட்டியில மேல மேல தண்ணி ஊத்தியிருக்கீங்க! போக வழியில்லாம அது கிட்னிக்கே எதுத்துக்கிட்டுப் போயிருக்கு." தியோனிலா மூஞ்சி செத்துப் போச்சு. ஃபிளாஸ்கைக் கட்டிலுக்கு அடியில வெச்சுட்டு, சத்தமில்லாமப் போயிட்டா. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

மூணு வாரம் டியூபோட வீட்டுல இருந்தாரு, கால்ல பையைக் கட்டிக்கிட்டு. அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேச டாக்டர் கூப்பிட்டாரு. மாண்டரின் பழ சீசன், அவரு மேசையில யாரோ குடுத்தது நாலஞ்சு கெடந்துச்சு. ஒண்ணை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாரு.

"ப்ராஸ்டேட் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கணும். உங்களுக்கு இதைவிடப் பெருசா இருக்கு, எர்மினியோ ஐயா. நடுவுல போற மூத்திரக் குழாயை நசுக்குது. மூணு விதமாப் பண்ணலாம். ஒண்ணு, மூத்திர வழியாவே கேமரா விட்டு, கம்பி வளையத்துல கரண்டு குடுத்து உள்ளேருந்து சுரண்டிச் சுரண்டி எடுக்கிறது. நாங்க தினம் பண்றதுதான். வெளிய காயம் இல்ல. ஆனா இவ்வளவு பெருசைச் சுரண்டி முடிக்க நேரமாகும், ரத்தம் போகும்."

"ரெண்டாவது?"ன்னு நான் கேட்டேன்.

"லேசர். அதுவும் அதே வழிதான். சுரண்டாம, தோலை விட்டுட்டு உள்ள இருக்கிற சுளையை மொத்தமா உரிச்சு, மூத்திரப் பைக்குள்ள தள்ளி, அரைச்சு உறிஞ்சிடுவாங்க. எவ்வளவு பெருசா இருந்தாலும் முடியும், ரத்தம் கம்மி, மறுநாளோ மூணாம் நாளோ வீட்டுக்குப் போயிடலாம். நான் உங்களுக்கு அதைத்தான் சொல்லுவேன். ஆனா மெஷின் அசுன்சியோன்ல இருக்கு, வரிசை அக்டோபர் வரைக்கும் நிக்குது. மூணாவது, அடிவயித்தைக் கீறி, விரலை விட்டுச் சுளையைப் பேத்து எடுக்கிறது. பழைய முறை. ஒரு வாரம் பத்து நாள் படுக்கணும், ரத்தம் ஏத்த வேண்டி வரலாம். ஆனா இங்கயே நான் பண்ணிடுவேன், மறுபடி வராது."

நான் மூணையும் மனசுல வெச்சுத் தராசு போட்டுக்கிட்டிருந்தேன். எர்மினியோ தொண்டையைச் செருமினாரு. காது ரெண்டும் சிவந்து போச்சு.

"டாக்டர், இதுக்கப்புறம்... அது வருமா?"

"எது? எழுச்சியா? பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

"அது இல்ல. அது முடியறப்போ வருமே, அது."

டாக்டர் சிரிக்கல. "வெளிய வராது ஐயா. பின்பக்கமா மூத்திரப் பைக்குள்ள போயிடும், அப்புறம் ஒண்ணுக்கோட கலந்து போகும். இந்த மூணுல எது பண்ணினாலும் பெரும்பாலும் அப்படித்தான். நீராவி வெச்சு ஒண்ணு இருக்கு, அதுல அது தங்கும். ஆனா சின்னதா இருக்கிறவங்களுக்குத்தான் சரிப்படும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிடுச்சு."

எர்மினியோ எந்திரிச்சுட்டாரு. "நான் யோசிக்கணும்"னாரு.

வெளிய வராண்டாவுல, ஊர் உலகமே உக்காந்திருக்கு, நான் ஆரம்பிச்சேன். "அறுபத்தேழு வயசுல எதுக்குய்யா அது? யாருக்குக் காட்டணும்? யாருக்குச் சேத்து வெக்கிறே?" அவரு பையைக் கையால மறைச்சுக்கிட்டு வாசலைப் பாத்து நடந்தாரு. நான் பின்னாடியே கேட்டுக்கிட்டே நடந்தேன்.

ஜூலை போச்சு, ஆகஸ்டும் பாதி போச்சு. ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே, "யோசிக்கிறேன் சுனி." டியூபை மாத்தி மாத்தி, கடைசியில காய்ச்சல் வந்து நடுங்க ஆரம்பிச்சுட்டாரு. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சும்மா. ஊசியில அடங்கியிருக்கு. இன்னொரு தடவ வந்தா நான் பொறுப்பில்ல. லேசருக்கு அக்டோபர் வரைக்கும் காக்க முடியாது. இந்த வாரமே ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்க"ன்னாரு. கிட்னியே போனாலும் பரவாயில்ல, அது வேணும்னு நிக்கிறாருன்னா, அது எனக்காக இருக்க முடியுமா? எனக்கும் அவருக்கும் எப்பவோ ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஆயிடுச்சு, அதுலயும் பாதி நாள் எனக்கு முதுகு வலி. அப்போ யாருக்கு? எனக்குக் கண்ணு முன்னாடி செம்பருத்திதான் வந்துச்சு.

மறுநாள் காலையில சந்தைக்குப் போனேன். தியோனிலா உரலுக்கு முன்னாடி குந்தியிருந்தா.

"எந்திரிடி"ன்னேன். "என் புருஷனை விடு. அவரு சாகப் போறாரு. உனக்காக ஆபரேஷன் வேணாம்னு உக்காந்திருக்காரு."

பக்கத்துல மரவள்ளி விக்கிறவ தராசைக் கீழ வெச்சுட்டா.

"எனக்காகவா?" தியோனிலா உலக்கையை உரல்ல சாச்சு வெச்சா. "அடக் கடவுளே! சுனில்டாக்கா, நாலு பேர் முன்னாடி என் வாயைக் கிளறாதீங்க. உள்ள வாங்க."

"இங்கயே சொல்லு. எனக்கு என்ன பயம்?"

"உங்களுக்கு ஒரு பயமும் இல்ல, பயமெல்லாம் அவருக்குத்தான்!" அவளுக்கும் கோவம் வந்துருச்சு. "கத்திக்குப் பயந்தாருன்னா நெனச்சீங்க? அந்த மனுஷன் உங்களுக்குப் பயந்துக்கிட்டு மூத்திரத்தை அடக்கி வெச்சிருக்காரு! ஆபரேஷன் பண்ணா அது வராதாம். வரலைன்னா, எங்க கொட்டிட்டு வந்தேன்னு கேட்டு வெளிய தள்ளிடுவீங்களாம். டெப்போவுல படுக்க இப்ப வண்டியும் இல்லன்னாரு. இந்த வயசுல எங்க போவேன் தியோனிலான்னு இந்த இடத்துல நின்னு அழுதாருக்கா."

மரவள்ளிக்காரி இருமினா.

தியோனிலா குனிஞ்சு, காய்ஞ்ச இலை மூட்டைக்கு அடியிலேருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்தா. அதுலேருந்து நாலா மடிச்ச ஒரு கவரை எடுத்தா. மடிப்பு மடிப்பா அழுக்கு ஏறியிருந்துச்சு.

"இதை நான்தான் பத்திரமா வெச்சிருந்தேன். வீட்டுல வெச்சா நீங்க பாக்கெட்டைத் துழாவுவீங்களாமே. உங்க பேருக்குத்தான் இருக்கு, வாங்கிக்குங்க."

பஸ் கம்பெனியில டிரைவருங்களைப் பரிசோதிக்கிற கிழ டாக்டர் ஒருத்தர் இருந்தாரு, இப்போ எங்கயோ மக வீட்டோட போயிட்டாரு. அவரு முத்திரை. மேல தேதி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, செப்டம்பர். நான் அங்கேயே நின்னு படிச்சேன்.

"மதிப்புக்குரிய திருமதி சுனில்டா அவர்களுக்கு. உங்கள் கணவர் எர்மினியோ ஒவேலாருக்கு ப்ராஸ்டேட் வீக்கம் தொடங்கியிருக்கிறது. விரைவில் அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது. சிகிச்சைக்குப் பிறகு விந்து வெளியே வராமல் போகக்கூடும். அது சிகிச்சையின் விளைவு மட்டுமே. அவர் வேறு எங்கும் சென்று வந்ததற்கான அடையாளம் அல்ல என்று மருத்துவர் என்ற முறையில் இதனால் சான்றளிக்கிறேன்."

கையெழுத்து, பதிவு எண், ரவுண்டு முத்திரை. டயர் வெடிச்சதுக்கு மெக்கானிக்கிட்ட வாங்குற மாதிரி வாங்கி வெச்சிருக்காரு.

"ஏன் குடுக்கல?"ன்னு கேட்டேன்.

"மூணு தடவ வாங்கிட்டுப் போனாரு. மூணு தடவையும் தெரு முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பக் கொண்டாந்துட்டாரு. 'காட்டினா, செய்யாத தப்புக்கு முன்கூட்டியே எதுக்குய்யா சர்ட்டிஃபிகேட் வாங்கி வெச்சிருக்கேன்னு கேப்பா, தியோனிலா'ன்னாரு."

கேட்டிருப்பேன். அச்சு அசலா இதே வார்த்தையைத்தான் கேட்டிருப்பேன். அதை இவ வாயால கேக்க வேண்டியிருந்துச்சேன்னு எனக்கு அப்பவும் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னை எனக்குத் தெரியுறதைவிட அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு, அதையும் கொண்டுபோய் இவகிட்டதான் சொல்லியிருக்காரு. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாம வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா, கொல்லையில மாமரத்தடியில ஊஞ்சல் படுக்கையில கெடக்காரு. பை ஒரு பக்கம் தொங்குது. கவரை அவரு நெஞ்சு மேல போட்டேன். பாத்தாரு. எந்திரிக்கப் பாத்தாரு.

"படுங்க"ன்னேன். "என்னய்யா நான், பூதமா?"

அவரு கவரைக் கையால மூடிக்கிட்டாரு.

"பூதம்தான், ஒத்துக்கறேன். ஆனா இதை ஏன்யா அவகிட்டப் போய் வெச்சே? ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா? ஒரு ஆம்பளைகிட்ட, ஒரு பாதிரியார்கிட்ட வெக்கக் கூடாது?"

"ஆம்பளைங்க சிரிப்பாங்க சுனி. பாதிரியார்கிட்ட வெச்சா, பாவம் பண்ணவன்னு நெனச்சுருவாரு. அவ புருஷனுக்கும் இதே வியாதி இருந்துச்சு. அவ சிரிக்கல."

"நானும் சிரிச்சிருக்க மாட்டேன்"னேன்.

"நீ சிரிக்க மாட்டே"ன்னாரு. "பையைத் தூக்கி எறிவே."

அவரு அதைக் கோவமாச் சொல்லல. மழை வரும்னு சொல்ற மாதிரி சொன்னாரு. நான் அவரு கால்மாட்டுல உக்காந்து ஓன்னு அழுதேன். அழுதுக்கிட்டே, "வியாழக்கிழமை கீறச் சொல்லிடவா?"ன்னு கேட்டேன். "சொல்லிடு"ன்னாரு.

கீறினாங்க. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. எடுத்ததை டாக்டர் ஒரு டப்பாவுல போட்டுக் காட்டினாரு, ரெண்டு சுளை, நூத்திப் பதினெட்டு கிராம். பக்கத்துக் கட்டில்காரருக்கு வளையம் போட்டுச் சுரண்டினது. அவருக்கு எலுமிச்சை அளவுதானாம், ஆரம்பத்துலயே வந்துட்டாராம். மூணாம் நாள் பொஞ்சாதி கையைப் புடிச்சுக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து போறாரு. வாசல்ல ரெண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டாங்க. எங்க ஆளு பத்து நாள் படுத்த படுக்கையா, இருமினாக்கூட வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. எனக்கு அந்த ஜோடியப் பாத்து வயிறு எரிஞ்ச எரிச்சல்! அந்தம்மாகிட்ட அவரு வியாதி வந்த உடனே சொல்லியிருக்காரு பாருங்க. நான் எப்படி இருந்திருந்தா இவரும் என்கிட்டச் சொல்லியிருப்பாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். சோள உருண்டை போட்ட கோழி சூப்பு கொண்டுபோய் ஸ்பூனால ஊட்டினேன். பாதி கழுத்துல ஊத்திச்சு.

ஒன்றரை மாசம் கழிச்சு பரிசோதனைக்குப் போனோம். டியூபெல்லாம் எடுத்தாச்சு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி சுவத்துல அடிக்கிறாரு, அதுல ஒண்ணும் குறையில்ல. டாக்டர் ஃப்ரெத்தெஸ் ஸ்கேனை விளக்குல புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"இடது கிட்னி தேறிடுச்சு"ன்னாரு. "வலது போனது போனதுதான். இனிமே அது வேலை செய்யாது. உப்பு கம்மி பண்ணுங்க, இருக்கிற ஒண்ணைப் பாத்துக்குங்க." ஸ்கேனைக் கீழ வெச்சாரு. அவருக்கே பொறுக்கல போல. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நீராவியிலயே முடிஞ்சிருக்கும் ஐயா. கத்தியே வேண்டாம். நீங்க கேட்டீங்களே, அதுவும் தங்கியிருக்கும். ஏன் இவ்வளவு நாள் தள்ளிப் போட்டீங்க?"

எர்மினியோ என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.

"பச்சிலையிலயே சரியாயிடும்னு நெனச்சேன் டாக்டர். என் முட்டாள்தனம்"னாரு.

முப்பத்தெட்டு வருஷத்துல எனக்காக அவரு சொன்ன முதல் பொய்.

டாக்டர் என் பக்கம் திரும்பினாரு. "அவருதான் அப்படின்னா, கூட இருக்கிற நீங்களாவது கவனிச்சிருக்கக் கூடாதாம்மா?"

"கவனிச்சேன் டாக்டர்"னேன். "வேற ஒரு வேலையும் பாக்காம, அவரை மட்டுமேதான் கவனிச்சுக்கிட்டிருந்தேன்."